ஹாரன் சாந்தமான கதை

அந்த ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவருக்கு ஹாரன் என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பள ரசீதில் மட்டும் உயிரோடு இருந்தது. கற்றுக்கொள்கிறவர் கியரைத் தப்பாகப் போட்டால் பக்கத்து இருக்கையிலிருந்து எழும் சத்தத்துக்கே எதிரே வரும் லாரி ஒதுங்கிவிடும். "கிளட்ச்சத்தான் விடச் சொன்னேன், உயிர விடச் சொல்லல" என்பார். அவரிடம் திட்டு வாங்கிக் கற்றவர்களே பிற்பாடு தங்கள் பிள்ளைகளையும் கூட்டிவந்து அவரிடம்தான் விட்டார்கள். அப்படியொரு ராசி அவருக்கு.

இப்படிப்பட்ட மனிதரை மனச்சோர்வு நோய் இரண்டு தடவை படுக்கப் போட்டது. வரும்போதெல்லாம் அது முதலில் பறித்துக்கொண்டது அவருடைய சத்தத்தைத்தான். இரண்டாம் தடவை, நட்டநடுச் சாலையில் வண்டியை அணைத்துவிட்ட பெண்ணிடம் "பரவாயில்லம்மா" என்றார். மனிதர் பக்குவப்பட்டுவிட்டார் என்று பள்ளி முதலாளிக்கு ஒரே சந்தோஷம். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் மனைவி மட்டும் என்ன ஆச்சு என்று தினமும் கேட்டுப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல" என்பதற்கு மேல் ஒரு சொல் தேறவில்லை. ஒருநாள் ஒரு காலில் ஷூவை மாட்டிவிட்டு, மறு காலுக்கு மாட்டத் தெம்பில்லாமல் மதியம்வரை கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் வீட்டுக்கு விஷயம் விளங்கியது. பாவம், மாதக்கணக்காகத் தனியாகக் கிடந்து அல்லாடியிருக்கிறார்.

மருந்து கொடுத்துத் தேற்றிய மருத்துவர், இரண்டு முறை வந்தது மூன்றாவதாகவும் எட்டிப் பார்க்கலாம் என்றார். அது திரும்பாமல் காக்கத்தான் மருத்துவமனையில் மைண்ட்ஃபுல்னஸ் என்கிற மனக்கவனப் பயிற்சி வகுப்பு நடக்கிறது, போய் உட்காருங்கள் என்று அனுப்பிவைத்தார். கால் கட்டைவிரலில் தொடங்கி உடம்பை ஒவ்வோர் இடமாகக் கவனிக்கச் சொன்ன முதல் நாளே, முழங்கால் வருவதற்குள் நம்மவர் குறட்டைவிட்டார். வகுப்பு நடத்திய ஆலோசகர் எழுப்பவில்லை. இந்த ஓசையையும் கவனியுங்கள் என்று மற்றவர்களிடம் சொன்னாராம். வீட்டில் வந்து இதைச் சொல்லி அவரே விழுந்து விழுந்து சிரித்தார்.

போகப்போக விஷயம் பிடிபட்டது. 'நீ எதுக்கும் லாயக்கில்ல' என்று மனசு சொன்னால் அதோடு மல்லுக்கு நிற்க வேண்டாம், அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். ஓர் எண்ணம் வந்திருக்கிறது என்று பார்த்தபடி கொஞ்ச நேரம் மூச்சோடு இருந்தால் போதும்.

அதன் பலன் வீட்டில் கலவரமாக வந்து சேர்ந்தது. கண்ணாடி வாங்க வந்த ஒரு மாணவி, சார் எவ்வளவு சாந்தமாகச் சொல்லித்தருகிறார் என்று மனைவியிடமே புகழ்ந்துவிட்டாள். போன தடவையும் இப்படித்தானே தொடங்கியது என்று மனைவி பதறினாள். சாயங்காலம் அவளும் மகளும் அவரை நடுவில் உட்காரவைத்துக் குடைந்து எடுத்தார்கள். திட்ட வாய் வந்ததாம், ஒரு மூச்சு விட்டாராம், திட்டத் தோன்றவில்லையாம். யார் நம்புவார்கள்? கடைசியில் மனிதர் பொறுமையிழந்து, ஆளில்லாத அறையில் மின்விசிறி சுற்றுவது யார் அப்பன் வீட்டுக் காசு என்று கத்திய கத்தலில் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார். மகள் அப்பாவைக் கட்டிக்கொண்டாள். யார் அப்பன் வீட்டுக் காசு என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

அதன்பிறகு அவர் பேசாமல் இருந்தால் யாரும் பயப்படவில்லை. பயிற்சி என்று விட்டுவிட்டார்கள். ஆபத்தே அதில்தான் இருந்தது.

சில மாதங்கள் கழித்து ஒரு காலையில் வழக்கம்போல் கண்ணை மூடி உட்கார்ந்தவருக்கு நெஞ்சில் பழைய பாரம் தெரிந்தது. இரண்டு மூன்று நாளாகவே இருந்திருக்கிறது. உட்கார்ந்து என்ன ஆகப்போகிறது, எழுந்து போ என்றது மனசு. அவரும் எழப்போனார். அதன் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது: அவளே பாவம், அவளிடம் எதற்குச் சொல்லிக்கொண்டு? முன்பு இரண்டு தடவையும் அவர் கேள்வி கேட்காமல் நம்பியது இதைத்தான். அதைப் பாசம் என்று நினைத்திருந்தார். இதுவும் ஓர் எண்ணம்தான் என்று அன்றுதான் அவருக்கு உறைத்தது.

சமையலறையில் மனைவி வேலைக்குப் போகிற அவசரத்தில் டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் உட்காரும்மா. ரெண்டு மூணு நாளா நான் பேசாம இருக்கறது பயிற்சியில வந்தது இல்ல. பழையதுதான், திரும்ப வருது. உன்கிட்ட சொல்லாதன்னு வேற சொல்லுது."

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "என்னங்க, எழுந்து நடமாட முடியுதா?"

"இப்ப முடியுது. அதான் இப்பவே சொல்றேன்."

அவள் எழுந்தாள். மருத்துவமனைக்குப் போன் போட்டாள், கடைக்கு லீவு சொன்னாள், வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வந்தது, அடக்கிக்கொள்ளவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் கேட்காமலே அவர் வாய்திறந்து சொன்னது இதுதான் முதல் தடவை.