முதுகில் ஐந்து விரல்

என் அப்பாவுக்குச் சலவைப் பட்டறையில் வேலை. பிளீச்சிங் பவுடர் கரைத்த தொட்டியில் பனியன் துணியைப் போட்டு மிதித்து வெளுக்க வேண்டும். ஞாயிறு வந்தால் சேவல் சண்டை. வெள்ளகோவில் பக்கம் எங்கே நடந்தாலும் போய்விடுவார். நான் எத்தனாவது படிக்கிறேன் என்று கேட்டால் யோசிப்பார்.

ஐந்தாவது படிக்கும்போது ஆண்டு விழாக் கும்மியில் என்னைச் சேர்த்தார்கள். தாராபுரத்து மாமா கருநீலத்தில் பாவாடை சட்டை எடுத்துக் கொடுத்தார். அதுவரை நான் போட்டதெல்லாம் அக்காவின் பழசு.

மேடையோரம் வரிசையில் நின்றோம். அப்பாவை நான் கூப்பிடவே இல்லை. வேலைக்கு நடுவில், ஈரக் காலோடு ஓடி வந்தார்.

"நல்லா ஆடோணுங் கண்ணு" என்று முதுகில் தட்டினார்.

கையை அலசாமல் வீட்டில் ஒரு துணியைத் தொட மாட்டார். அன்றைக்கு அவசரம். எனக்கும் உறைக்கவில்லை. தண்ணீர்தானே என்று விட்டுவிட்டேன்.

கும்மி பாதியில் பின்னால் வந்தவள் கத்தினாள். "ஐயோ, இவ முதுகுல பேய் அறைஞ்சிருச்சு பாருங்கடி!"

நீலம் வெளுத்து ஐந்து விரலும் அப்படியே விழுந்திருந்தது. கும்மி என்றால் சுற்றித்தானே வர வேண்டும். எல்லோரும் பார்த்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள்.

இறங்கினேன். அப்பா சிரித்த முகமாக நின்றார். நான் நன்றாக ஆடியதால் சிரிக்கிறார்கள் என்று நினைத்திருப்பார் போல. திரும்பி முதுகைக் காட்டினேன்.

"இனிமே என்ற பள்ளிக்கூடத்துக்கு வராதீங்க."

நாலு பேர் கேட்கட்டும் என்றுதான் சொன்னேன். அவர் கையைப் பார்த்தார். வேட்டியில் துடைத்தார்.

"செரி கண்ணு."

போய்விட்டார்.

அடுத்த வருஷம் ஓட்டத்தில் பரிசு வாங்கினேன். அப்பா வரவில்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியபோது, பெரியவர்கள் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். என்னோடு நடந்து வந்தவர் பள்ளிக்கூடத்துக்கு எதிரே டீக்கடையில் நின்றுகொண்டார்.

"மாமன் வந்து போடுவாரு. நீ உள்ள போ கண்ணு."

வீம்பு என்று நினைத்தேன். வாங்க என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

சேவல் சண்டைக்குப் போகாதீங்க என்று அம்மா எத்தனையோ வருஷம் அழுதாள். கேட்டதில்லை. யார் பேச்சையும் கேட்காத மனுஷன், நான் கோபத்தில் சொன்ன ஒன்றைக் கேட்டார். டீக்கடை வாசலில் அன்றைக்கு வாங்க என்றிருந்தால் அதையும் கேட்டிருப்பார்.

பதிமூன்று வயதில் அது எனக்குத் தெரியவில்லை.