காது உங்ககிட்டத்தான் கீது

‘கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை. தன்னம்பிக்கை குறைவு. கவனம் சிதறுகிறது.’ கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ரப்பர் வளையம் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் நேர்காணல் படிவத்தில் துர்காதேவியைப் பற்றி இப்படித்தான் எழுதியிருக்கிறது. மூன்றில் முதலாவது மட்டும் உண்மை.

இப்போதும் அவர் யாரையும் பார்ப்பதில்லை. சோதனை மேசையில் விரலிடையே வளையங்கள் உருள, குனிந்த தலையோடு ஊர்க்கதை பேசுகிறார். பக்கத்து மேசை ஸ்நேகா பிறந்தநாளுக்குப் புது சுடிதாரில் வந்து நின்றால், “நல்லாக்கீதுடி” என்கிறார்.

“பாக்காமலே சொல்றியே.”

“நீ வந்து நின்ன தோரணையே சொல்லுதே.”

பழவேற்காட்டுப் பக்கம் ஒரு குப்பத்தில் பிறந்தவர். அங்கே பெண்கள் இறால் குவியலைச் சுற்றி உட்கார்ந்து பெரிசு, சிறிசு பிரிப்பார்கள். கல்யாணப் பேச்சு, சண்டை, கோர்ட்டு கேஸ் எல்லாம் குவியலுக்கு மேலேயே நடந்து முடியும். ஒருவரும் தலை தூக்குவதில்லை. காரணம், குவியலுக்குள் நண்டு இருக்கும். “எதிர்ல கீறவ மூஞ்சியப் பாத்தா, விரலு போச்சு” என்பார் துர்காதேவி.

இந்தப் பழக்கம் சிப்காட்டில் செல்லுபடியாகவில்லை. ஆறு கம்பெனிகள் திருப்பி அனுப்பின. நேர்காணல் பயிற்சி வகுப்பிலோ கண்ணை நேராகப் பார்க்கச் சொன்னார்கள். “முறைச்சிக்கினே இருக்கணுமாம். நான் இன்னா வேலைக்குப் போறேனா, சண்டைக்குப் போறேனா?”

இந்தத் தொழிற்சாலை ஏழாவது. வயது வரம்பு இருபத்தாறு. அதைத் தாண்ட அவருக்கு அப்போது பத்தே நாள் இருந்தது. மனிதவள அதிகாரி பார்த்திபனின் மேசைமேல் ஒரு தட்டில் நாற்பது வளையங்கள் இருந்தன. வாடிக்கையாளர்களுக்குக் காட்டும் குறையற்ற மாதிரிகள். முதல் கேள்விக்கே துர்காதேவியின் கை தட்டுக்குப் போய்விட்டது.

“இங்க பாரும்மா. என்னைப் பார்த்துப் பேசு.”

“காது உங்ககிட்டத்தான் சார் கீது. கேளுங்க.”

ஒன்பது கேள்விகள். ஒன்பதுக்கும் பதில் வந்தது, தட்டைவிட்டுக் கண் நகராமல். பார்த்திபன் அந்த மூன்று வாக்கியங்களையும் எழுதி முடித்து, “போலாம்மா, சொல்லி அனுப்பறோம்” என்றார்.

எழுந்த துர்காதேவி மூன்று வளையங்களைத் தனியே தள்ளிவைத்தார். “இது மூணும் வேணாம் சார்.”

பார்த்திபன் சிரித்தார். அருகிலிருந்த தர மேலாளர் ஆதிகேசவன் சிரிக்கவில்லை. அந்த நாற்பதும் அவர் தன் கையால் பொறுக்கியவை. பூதக்கண்ணாடியை எடுத்தார். முதல் வளையத்தின் உள்விளிம்பில் மயிரிழைக் கீறல். இரண்டாவதிலும். மூன்றாவதைக் கண்டுபிடிக்க அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

“அந்தப் பொண்ணு கேட்டைத் தாண்டறதுக்குள்ள கூப்பிடுங்க.”

துர்காதேவி சேர்ந்து இரண்டு வருடமாகிறது. அவர் மேசையைக் கடந்த வளையம் ஒன்றுகூட இதுவரை குறை என்று வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வந்ததில்லை. படிவத்தில் பார்த்திபன் எழுதியதை யாரும் அடிக்கவில்லை. ஆதிகேசவன்தான் அன்றைக்கே அதன் அடியில் பச்சை மையில் நான்காவதாக ஒன்றைச் சேர்த்திருந்தார்: ‘பேசிக்கொண்டே நாற்பது வளையங்களைப் பார்த்து, மூன்றைக் கழித்தார்.’