தும்மியது என் பெட்டி

கண்டியில் பயஸ்கோப் ஊமையாக இருந்த காலத்தில் நான் திரைக்கு ஒரு பக்கத்தில் உட்கார்ந்து ஆர்மோனியப் பெட்டி வாசித்தேன். மறுபக்கத்தில் ஒருவன் நின்று கதை சொன்னான். படத்தில் வெள்ளைக்காரர்கள் வாயசைப்பார்கள். நடுவே இங்கிலீஷ் எழுத்து வரும். அதைப் படிக்கத் தெரியாத சனத்துக்கு, யார் யாரிடம் என்ன சொல்கிறார்கள் என்று தமிழில் உரக்கச் சொல்வது அவன் வேலை. இடையிடையே சிங்களத்திலும் இரண்டு வார்த்தை போடுவான். ஊரெல்லாம் அவனை 'அவர்' என்றது. எனக்கு அப்போதும் அவன்தான், இப்போதும் அவன்தான்.

அவன் எங்கிருந்து வந்தான் என்பது எனக்குத் தெரியும். கடுகண்ணாவை ஏற்றத்தில் ரயில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும்போது, பயணிகள் நடுவே நின்று பற்பொடி விற்றவன். அந்தத் தொண்டையைக் கேட்டு மயங்கித்தான் எங்கள் முதலாளி அவனைக் கொட்டகைக்கு அழைத்து வந்தார். நானோ கம்பளையில் ஒரு பாட்டு வாத்தியாரிடம் திட்டும் குட்டும் வாங்கிப் பெட்டி பழகியவன். அவன் யாரிடம் என்ன பழகினான்?

ஆனால் கொடிகட்டிப் பறந்தது அவன்தான். தேநீர்க் கடையில் அவன் குடித்த தேநீருக்குக் காசு கொடுக்க ஆட்கள் போட்டி போட்டார்கள். சலூனில் பையன்கள் "அவர் மாதிரி வெட்டுங்க" என்றார்கள். பெரஹரா ஊர்வலத்துக்குத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து இறங்கி வரும் சனம் யானைகளைப் பார்த்த கையோடு அவனையும் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்பும். ஒருநாள் குளக்கரையில் நானும் அவனும் நடந்து போனோம். எதிரே வந்த ஒரு குடும்பம் அவனை நிறுத்திக் கும்பிட்டது. அவன் கையும் கும்பிட வேண்டுமே, அதற்காக அந்த வீட்டுக்காரர் அவன் குடையை வாங்கி, ஒரு வார்த்தை கேட்காமல் என் கையில் கொடுத்தார். நானும் பிடித்துக்கொண்டு நின்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

படம் மாறும்போதெல்லாம் மாட்டு வண்டியில் தப்படித்துக்கொண்டு போய் நோட்டீஸ் வீசுவார்கள். அதில் படத்தின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் அவன் பெயர் இருக்கும். அடியில் 'பெண்களுக்குத் தனி வாங்கு உண்டு' என்று இருக்கும். என் பெயர் எங்கேயும் இருக்காது. உட்காரும் பலகை, அந்த வாங்குக்குக் கிடைத்த மரியாதைகூட எனக்குக் கிடைக்கவில்லை. எனக்கு வேண்டியிருந்ததோ அது ஒன்றுதான்: ஒரே ஒரு நோட்டீஸில் என் பெயர். எறும்பளவு எழுத்தானாலும் சரி. முதலாளியிடம் வாய்விட்டே கேட்டேன்.

"தம்பி, சனம் ஒங்கட பெட்டியப் பத்தி ஒரு வார்த்த பேசட்டும். அடுத்த நோட்டீஸ்ல பேரப் போடுறன்" என்றார்.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. எந்தப் படமானாலும் முதல் காட்சிக்கு முன் பகலில் கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு, முதலாளியும் அவனும் நானும் ஒருமுறை பார்ப்பது வழக்கம். முதலாளி எழுத்தைப் படித்துச் சொல்வார். அதை வைத்து அவன் கதை கட்டுவான். இந்தப் படத்தில் ஹோட்டலில் தட்டுக் கழுவும் ஒருவன், யாரோ பிரபுவின் சிலையைத் திறந்து வைக்கும் கூட்டத்தில் தும்மிவிடுகிறான். அதைப் பத்திரிகைக்காரன் படம் பிடித்துப் போடுகிறான். மறுநாளிலிருந்து நகரமே அவன் காலடியில். சீமாட்டிகள் விருந்துக்கு அழைத்துத் தும்மச் சொல்கிறார்கள். அவன் பெயரில் சோப்பு வருகிறது, தொப்பி வருகிறது. பிறகு வேறொருவனுக்கு விக்கல் எடுக்கிறது; பத்திரிகை அதைப் போடுகிறது; ஊரே விக்கலுக்குப் பின்னால் ஓடிவிடுகிறது. தும்மியவன் பழையபடி தட்டுக் கழுவப் போகிறான்.

ஒன்றுமில்லாதவனைத் தூக்கி வைத்து ஆடும் ஊரைப் பார்த்துச் சிரிக்கிற படம் அது. முதலாளியும் நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அவன் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"பாவங்க. எவ்வளவு பெரிய மனுசன்! சனம் எப்படிக் கொண்டாடிச்சு பாத்தீங்களா?" என்றான்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. தன்னைப் போன்றவர்களைக் கிண்டல் செய்கிறார்கள் என்பதுகூட அவனுக்கு உறைக்கவில்லை. சிரிப்புப் படத்துக்கு இவன் ஒப்பாரி சொல்லப்போகிறான், சனம் கூச்சலிட்டு விரட்டப்போகிறது என்று ஆனந்தப்பட்டேன். வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். துருத்தியை வெடுக்கென்று அமுக்கி, உச்சியில் இரண்டு கட்டைகளைச் சேர்த்துத் தட்டினால் அச்சு அசலாகத் தும்மல் வந்தது. கை வலிக்கும்வரை அதையே பழகினேன்.

மாலைக் காட்சி. அவன் கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, தழுதழுத்த குரலில், "மகா ஜனங்களே, இதோ ஒரு உத்தமர்!" என்று தொடங்கினான். திரையில் உத்தமரின் மூக்கு துடித்தது. நான் துருத்தியை அமுக்கினேன். பெட்டி தும்மியது.

சிரிப்பில் கொட்டகை அதிர்ந்தது. வாங்குகள் சாய்ந்தன. அவன் முகத்தில் ஈயாடவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தான். அவ்வளவுதான், படுபாவி பிடித்துக்கொண்டான். அடுத்த தும்மலுக்கு முன் பேச்சை நிறுத்தி, கையை உயர்த்தி, மூக்கைச் சுருக்கிக் காத்திருந்தான். நான் என்ன செய்வது? மூக்கு திரையில் துடிக்கிறது. என் கை தானாகவே தட்டிவிட்டது. திரை வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்தது; இருட்டில் இருந்த பெட்டியை யார் பார்த்தார்கள்? தும்மியவன் அவனே என்று சனம் நம்பியது. "ஒன்ஸ்மோர்!" என்று கத்தினார்கள். படத்தை நிறுத்தி, சுற்றி, மறுபடி ஓட்டினார்கள். மறுபடியும் நான் தும்மினேன், அவன் குனிந்து வணங்கினான்.

கடைசியில் உத்தமரை ஊர் மறக்கும் கட்டம் வந்தது. நான் எனக்குத் தெரிந்த முகாரியையெல்லாம் கொட்டி வாசித்தேன். கேட்க ஆளில்லை. இனித் தும்மல் இல்லை என்று தெரிந்ததும் சனம் எழுந்து போய்விட்டது.

மறுநாள் சந்தைப் பக்கம் போனேன். பையன்கள் கையை உயர்த்தி, மூக்கைச் சுருக்கி, ஒருவர் முகத்தில் ஒருவர் தும்மிக்கொண்டிருந்தார்கள். படம் எதைக் கிண்டல் செய்ததோ அதை அப்படியே செய்தது எங்கள் ஊர். கம்பளையிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ஒரு மூக்குப்பொடி வியாபாரி அவன் முகத்தை டப்பாவில் போட்டு விற்றார். அவனுக்கோ மூக்குப்பொடி வாசனையே ஆகாது. இதையெல்லாம் பார்த்துச் சிரிக்க என்னுடன் ஒரு ஆள்கூட இல்லை.

முதலாளியிடம் ஓடினேன். "தும்மினது என்ட பெட்டி. ஊரே அதத்தான் பேசுது. பேரப் போடுங்க" என்றேன்.

"ஊர் பேசுறது உண்ம தம்பி. ஆனா அவர் தும்மினாரெண்டுதானே பேசுது? ஒங்கட பேரப் போட்டா பொய்யெண்டு அடிக்க வருவாங்க" என்றார். அந்த வார நோட்டீஸில் அவன் பெயருக்கு முன்னால் 'தும்மல் புகழ்' என்று சேர்த்திருந்தார்கள். பெண்கள் வாங்கு வழக்கம்போல அதன் இடத்தில் இருந்தது.

பிறகு பேசும் படம் வந்தது. படமே பேசியதால் அவனுக்கு வேலை போயிற்று. படமே பாடியதால் எனக்கும் போயிற்று. படத்தில் காட்டியபடி அவனை ஊர் மறக்கும் என்று நான் காத்திருந்தேன். அந்தப் படம் புளுகு. அவன் கடைத்தெருவில் போனால் கதிரையை விட்டு எழுந்தார்கள். டப்பாவில் அவன் முகம் மங்க மங்கப் புதிதாக அச்சடித்தார்கள். நான் கல்யாண வீடுகளில் வாசிக்கப் போனால், "நீங்க அவரோட இருந்தீங்களாமே, அவர் எப்படி ஆள்?" என்று கேட்டார்கள். பெட்டியை மடித்துக்கொண்டே பதில் சொல்வேன்.

இத்தனையும் எழுதி முடித்தபோது எனக்குக் கொஞ்சம் திருப்தியாக இருந்தது. எங்கேயும் அவன் பெயரை நான் எழுதவில்லை. இது என் நோட்டீஸ்; இதில் யார் பெயர் வரும் என்பது என் இஷ்டம். என் மனைவியிடம் கொடுத்தேன். அவள் முற்றாக வாசித்துவிட்டுத் தாள்களைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா என்னாங்க, முழுக்க முழுக்க அவரப் பத்தியே எழுதியிருக்கீங்க?" என்றாள்.