ஒரு கால் முறிந்த புரொசெசரும் எங்கள் கிணற்றுத் தண்ணீரும்

போன வாரம் இந்த இடத்தில் நான் இல்லை. கவனித்தீர்களா? ‘ஒருவரும் விசாரிக்கவில்லை’ என்று பத்திரிகை ஆசிரியர் போனில் சொன்னார். பரவாயில்லை... காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் கம்ப்யூட்டரை நானே பழுதாக்கி, நானே திருத்தினேன். பழுதாக்க ஒரு நொடி போதுமாக இருந்தது.

பத்தி போனால் போகட்டும். ஆனால் அந்தக் கம்ப்யூட்டரை நம்பி ஞாயிற்றுக்கிழமைக்கு வேறொரு காரியம் காத்திருந்தது – என் மாமனார் ஊர் திரும்புவதா, இல்லையா என்பது.

மாமா இன்னும் அக்கரையில், தமிழ்நாட்டு அகதி முகாமில், மகனோடு இருக்கிறார். நானும் மனைவி ஜெசிந்தாவும் சண்டை முடிந்த பிறகு மன்னாரில் முசலிப் பக்கம் வந்து, அவருடைய காணியில் வீடு போட்டுக் குடியேறினோம். காணி என்று சொல்ல அப்போது என்ன இருந்தது? வேலி இல்லை, எல்லைக் கல் இல்லை, முழுக்கப் பற்றைக்காடு. தூர்ந்த கிணறு ஒன்று மட்டும் இருந்தது. ஊரை விட்டுப் போகும்போது ஜெசிந்தா சின்னப் பிள்ளை; அவளுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. இதுதான் உங்கள் இடம் என்று ஊர்க்காரர் கைகாட்டினார்கள். நம்பினோம். கிணற்றைத் துப்புரவாக்கி, பக்கத்திலேயே வீட்டைக் கட்டினோம்.

முகாமிலிருந்து ஊர் திரும்பும் அடுத்த தொகுதியில் வர விரும்புகிறவர்கள் திங்கட்கிழமைக்குள் பெயர் கொடுக்க வேண்டும். மாமா பிடி கொடுக்கவே இல்லை. கடைசியில் போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“கிணத்துத் தண்ணி எப்பிடி, பிள்ளை?”

“நல்ல தண்ணி அப்பா,” என்றாள் ஜெசிந்தா.

“போனில நீ என்னவும் சொல்லுவாய். எனக்கு முன்னால அள்ளிக் குடி. உன்ர முகத்தைப் பாத்துத்தான் நான் முடிவு சொல்லுவன்.”

முகம் பார்க்க வீடியோ கோல் வேண்டும். முகாமில் மச்சானின் கூட்டாளி ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் தன் லப்டொப்பை இரவல் தருவதாக ஏற்பாடு. இந்தப் பக்கம் என் பழைய கம்ப்யூட்டர். எல்லாம் சரி. ஒரு சின்னச் சிக்கல் – எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு! குளிக்கலாம், துவைக்கலாம். குடிக்க, பவுசர் லொறியில் வரும் தண்ணீர்தான்.

ஜெசிந்தா என்ன செய்தாள் தெரியுமா? அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, உப்புத் தண்ணீரை முகம் மாறாமல் குடிக்கப் பழகத் தொடங்கினாள்.

“பவுசர் தண்ணியை முதலே வாளிக்குள்ள ஊத்தி வைப்பமே?” என்று நான் யோசனை சொன்னேன்.

“வாளி கிணத்துக்குள்ள போய் வாறதையும் காட்டச் சொல்லுவார். உங்களுக்கு அப்பாவைத் தெரியாது,” என்றாள்.

அவள் அவள் பாட்டைப் பார்க்க, நான் என் பாட்டைப் பார்த்தேன். கம்ப்யூட்டர் கொஞ்ச நாளாகச் சூடேறி அடிக்கடி நின்றுகொண்டிருந்தது. ஏன் சூடேறாது? கடற்கரை மணலுக்குப் பயந்து, யன்னல் சீலையில் மிஞ்சிய துண்டில் உறை தைத்து, ஓடும்போதும் போர்த்தியே வைத்திருந்தோம். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் கம்ப்யூட்டருக்கு இந்த மரியாதைதான். திறந்து பார்த்தால், உள்ளே மணலும் தூசும் உப்புப் பிசுக்கும். புரொசெசருக்கு மேல் குந்தியிருந்த மின்விசிறியைக் கழற்ற ஒரு இழுவை இழுத்தேன். வந்தது. கூடவே புரொசெசரும் வந்தது!

இரண்டுக்கும் நடுவே பூசியிருக்கும் பசை சூட்டில் காய்ந்து ஒட்டிப் பிடித்திருக்கிறது. புரொசெசருக்கு அடியில் ஊசி ஊசியாக நூற்றுக்கணக்கில் பொன்னிறக் கால்கள். ஒரு பக்கத்துக் கால்கள் முழுக்க, காற்றடித்த வயலில் நெற்பயிர் போலச் சாய்ந்து கிடந்தன.

பஸ் ஏறி மன்னார் டவுனுக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

“இது போயிட்டுது அண்ணை. கொழும்புக்குச் சொல்லித்தான் எடுக்கோணும். ரெண்டு கிழமை செல்லும்.”

இரண்டு வாரமா? திங்கட்கிழமை பெயர் கொடுத்தாக வேண்டுமே! திரும்பி வந்து, யன்னல் வெளிச்சத்தில் மேசையைப் போட்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் காய்ந்த பசையை ஓடிக்கொலோன் சென்டைத் தொட்டுத் துடைத்தேன். பிறகு ஒரு சவர பிளேட்டைக் கால் வரிசைகளுக்கு நடுவே நுழைத்து மெல்ல மெல்ல நிமிர்த்தினேன். பிளேட் புகாத இடத்தில், மெல்லிய கரிக்குச்சி போட்டு அமத்தி எழுதும் பென்சிலின் வெறும் குழாய் நுனியைக் காலில் மாட்டி நிமிர்த்தினேன். மூச்சு விடக்கூடப் பயம்.

மூலையில் ஒரு கால்... முறிந்தே போனது.

“எத்தினை?” என்றாள் ஜெசிந்தா, பக்கத்தில் நின்று.

“ஒண்டுதான்.”

“ஒரு கால் இல்லாட்டி அது வேலை செய்யுமே?”

கொழும்பிலிருக்கும் கூட்டாளிக்குப் போன் பண்ணினேன். “பல கால்கள் ஒரே வேலையைத்தான் செய்யுதுகள். முறிஞ்சது அப்பிடி ஒண்டெண்டால் தப்பினாய். முக்கியமானது எண்டால் தூக்கி எறி,” என்றான். ஒரே வேலையைப் பலர் செய்ய, ஒருவர் வராவிட்டாலும் தெரியாத இடம்... சில அரசாங்கக் கந்தோர்களை நினைத்துக்கொண்டேன்.

பூசப் புதுப் பசை? “பற்பசையைப் பூசு. காயும் வரைக்கும் தாங்கும்” என்றான். பூசினேன். எல்லாவற்றையும் மாட்டி, சிலுவை போட்டுக்கொண்டு சுவிட்சை அமத்தினேன். ஒரு ‘பீப்’. திரை வெளிச்சமானது. ஜெசிந்தா அழுதேவிட்டாள். நான் ஆண்பிள்ளை என்று இருமிச் சமாளித்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் கம்ப்யூட்டரைக் கிணற்றடிக்குத் தூக்கினோம். திரையும் அதில் மாட்டிய கமெராவும் ஒரு கதிரையில், பெட்டி இன்னொரு கதிரையில், வீட்டிலிருந்து நீளமாக ஒரு வயர். திரையில் மாமா தெரிந்தார். நரைத்துப் போயிருந்தார். ஜெசிந்தா வாளியை இறக்கி, அள்ளி, செம்பில் ஊற்றி வாயில் வைத்தாள்.

கண்ணாடிக்கு முன்னால் பழகியதெல்லாம் எங்கே போனதோ? அப்பாவைப் பார்த்ததும் மறந்துவிட்டது. ஒரு கணம் கண்ணைச் சுருக்கி, வாயைக் கோணி, முகத்தைச் சுளித்தாள். உடனே சிரித்துவிட்டாள். ஆனால் அந்தப் பக்கம் சிரிப்புப் போகவில்லை! வெயிலோ, பற்பசையோ... திரையில் மாமாவின் படமும், மூலையில் தெரியும் எங்கள் படமும் உறைந்துவிட்டன. சுளித்த முகம் அப்படியே நின்றது. சத்தம் மட்டும் போய் வந்துகொண்டிருந்தது.

“நல்ல தண்ணி அப்பா... சீனி மாதிரி!” என்றாள்.

மாமா மகளின் கோணல் வாயையே பார்த்துக்கொண்டிருந்திருப்பார். முடிந்தது கதை என்று நான் நினைத்தேன். ஜெசிந்தா என் கையை இறுக்கிப் பிடித்தாள். அப்போதுதான் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.

“பொய்க்காரி! சின்னனிலயும் நீ இந்தத் தண்ணியைக் குடிச்சுப்போட்டு இப்பிடித்தான் வாயைக் கோணுவாய். இது எங்கட கிணறுதான். என்ர கிணறு எப்பவும் உப்பு, பிள்ளை! நீ உண்மையா நல்ல தண்ணி குடிச்சிருந்தால், வேற ஆரின்ரயோ காணியில வீட்டைக் கட்டிப்போட்டியள் எண்டு நான் இஞ்சயே இருந்திருப்பன். நாளைக்குப் பேர் குடுக்கிறன். வாறன்.”

அதோடு கம்ப்யூட்டர் நின்றது. இதுவரை அது எழும்பவில்லை. இந்தப் பத்தியைக் கையால் எழுதித்தான் அனுப்புகிறேன்.

நாங்கள் என்ன செய்கிறோம்? ஒருவரை வரச் சொல்லும்போது நல்லதை மட்டுமே காட்டப் பார்க்கிறோம். மாமாவோ குறையைப் பார்த்துத்தான் தன் வீட்டைக் கண்டுபிடித்தார். எந்தக் குறையைச் சொன்னால் வரமாட்டார் என்று பயந்தோமோ, அதற்காகவே வருகிறார்.

முசலிப் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மாமா வந்து இறங்கும் அன்றைக்கு, தயவுசெய்து ஒருவரும் அவருக்கு நல்ல தண்ணீர் கொடுத்துவிடாதீர்கள்!