யாவர்க்கும் என்ற பெயர்

காலை எட்டே கால். ரவாங்கில் கோலசிலாங்கூர் பஸ் ஏறினேன். கட்டணம் இரண்டு வெள்ளி பத்துக் காசு. மடியில் பை, பைக்குள் ஒரு கடிதமும் மைப்பெட்டியும்.

நான் தொழிற்சாலையில் கணக்கெழுதும் கிராணி. ஓய்வு நேரத்தில் 'யாவர்க்கும் திருமுறைக் கல்லூரி'யின் செயலாளர். எங்கள் கூரை ஒழுகுகிறது. செல்வந்தர் ஒருவர் புதுக் கட்டடம் தருவதாகச் சொன்னார். கல்லூரிக்குத் தம் தந்தையின் பெயரை வைக்க வேண்டும் என்றார். அதற்கான சம்மதக் கடிதம்தான் இது. கல்லூரியைத் தொடங்கிய ஏழு பேரில் இன்று உயிரோடிருக்கும் ஒரே ஒருவரான அஞ்சலை அக்காவின் கைநாட்டு வேண்டும். மாலைக்குள் கிடைக்காவிட்டால் கட்டடம் கைநழுவிப் போகும் என்று கல்லூரித் தலைவர் எச்சரித்திருந்தார்.

ஈஜோக்கைத் தாண்டியதும் செம்பனைகளுக்கு மேல் வானம் கறுத்தது. மணியைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

பத்தரை. கோலசிலாங்கூரில் இருந்து தோட்டத்துக்கு ஐந்து மைல். டாக்சிக்கு ஆறு வெள்ளி.

"மழ புடிச்சா மண்ரோட்டுல காடி மாட்டிக்கும்மா. அரை மணிதான் நிப்பேன் லா" என்றார் ஓட்டுநர்.

தோட்டத் தொழிலாளர் லயத்தின் கடைசி வீட்டில் அஞ்சலை அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் வெட்டிய கை. மைப்பெட்டியைத் திறந்தேன்.

"பேரு மாத்துறதுக்குத்தான் அக்கா. இங்க வைங்க."

"மொதல்ல வாசி. எனக்குப் படிக்கத் தெரியாது. அதனாலதான் கேக்குறேன்."

வாசித்தேன். மூன்றாம் பத்தியில் என் குரல் இறங்கியது. பூசைப் பயிற்சிக்கு யாரைச் சேர்ப்பது என்பதை இனி செல்வந்தரின் குடும்பமே முடிவு செய்யுமாம். தலைவர் இதைச் சொல்லவில்லை. நானும் முதல் பத்தியோடு வாசிப்பதை நிறுத்தியிருந்தேன்.

அக்கா கீரையைக் கீழே வைத்தார்.

"எங்கள கோயிலுக்கு வெளியவே நிக்க வச்சாங்க. தேவாரம் ஒங்களுக்கு எதுக்குன்னாங்க. அதான் ஏழு வீடும் சேந்து என் அடுப்பங்கரையில பாடம் தொடங்கினோம். என்ன பேரு வைக்கன்னு ஒரே சண்ட. என் வீட்டுக்காரருதான் சொன்னாரு, 'பாக்குறவன் இது யாருக்குன்னுதானே கேப்பான், பேரே பதில் சொல்லட்டும்'னு."

வெளியே ஹாரன் ஒலித்தது. தகரத்தில் முதல் துளிகள் விழுந்தன.

"பேர வேணும்னா மாத்திக்க. அந்த மூணாவது சங்கதி இருந்தா நான் கை வைக்க மாட்டேன்."

எனக்கு அந்த அதிகாரம் இல்லை. ஆனாலும் பேனாவை எடுத்து அந்தப் பத்தியை அடித்தேன், ஓரத்தில் கையெழுத்திட்டேன். அதன் பிறகே அக்கா கைநாட்டு வைத்தார்.

மாலை ஐந்து. தலைவர் கடிதத்தைப் பார்த்தார்.

"யாரைக் கேட்டும்மா அடிச்சே?"

"யாரையும் கேக்கல. பிள்ளைங்கள வாசல்ல நிறுத்த என்னால முடியாதுங்க."

செல்வந்தர் விலகிக்கொண்டார். பத்தாங் காலியில் அவர் தந்தை பெயரில் ஒரு மண்டபம் எழுந்தது. பார்த்தேன், அழகாகத்தான் இருக்கிறது. பெயர் மாறாத எங்கள் கல்லூரிக்குப் பெற்றோர்களே ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுத் தகரம் போட்டார்கள். யாராவது விழுந்துவிடுவார்களோ என்ற பயத்தில் அன்று முழுவதும் நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரும் விழவில்லை.