விளக்கெண்ணெயும் பித்தளைக் கூடுகளும்

கல்யாணமாகி இரண்டாவது வருடம் முழுவதும் என் கையிலிருந்து விளக்கெண்ணெய் வாடை போகவே இல்லை. சவுக்காரம் போட்டுக் கழுவினேன். புளி போட்டுத் தேய்த்தேன். சாம்பல்கூடப் போட்டுப் பார்த்தேன். சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனால் குழம்பு வாசனைக்கு முன்னால் அந்த வாடை வந்து நிற்கும். குழந்தைக்குப் பேதி மருந்து கொடுத்தோ, தலைக்குத் தேய்த்தோ வந்த வாடையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். நான் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தது தோட்டாக் கூடுகளுக்கு.

அப்போது மலாக்காவில், காஜா பெராங் பக்கம் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். என் கணவர் தண்ணீர்க் குழாய் இலாகாவில் ஸ்டோர் கிளார்க். அதற்கு முன்னால் சில வருடம் ஸ்பெஷல் கான்ஸ்டபிளாக ஒரு ரப்பர் தோட்டத்துக்குக் காவல் இருந்தவர். துப்பாக்கி பிடிக்க அங்கேதான் பழகினார். குறி தப்பாது என்று பேர். இந்த நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு வருடம், பத்து பெரெண்டாம் என்ற ஊர்ப் பக்கம் இருந்த சுடும் கிளப்பில் வெள்ளைக்காரர்கள் பலர் ஊர் திரும்பிவிட, காலியான இடத்தில் இவரைச் சேர்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் அரை மணி நேரம் நடந்துகொண்டே பேசினார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சிங்கப்பூரிலிருந்து வர வேண்டிய புதுத் தோட்டாக்கள் ஒழுங்காக வருவதில்லை. அதனால் சுட்டு முடித்த கூடுகளையே திரும்ப நிரப்பிக்கொள்வது என்று கிளப்பில் முடிவு செய்தார்கள். அந்தப் பொறுப்பை யார் எடுப்பது என்ற பேச்சு வந்ததும் இவர் கையைத் தூக்கிவிட்டார். வெடிமருந்தும் குண்டும் கிளப் அறையை விட்டு வெளியே வரக் கூடாது. வெற்றுக் கூடுகளை மட்டும் வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்று கிளப் செயலாளர் போலீஸில் பேசிக் கடிதம் வாங்கிக் கொடுத்தார். கம்யூனிஸ்டுகளை ஒடுக்கக் கொண்டுவந்த அவசரகாலக் கெடுபிடி எங்கள் பக்கம் தளர்ந்துவிட்டது என்றாலும், தோட்டா என்ற சொல்லைக் கேட்டாலே ஜனங்கள் குரலைத் தாழ்த்திய காலம். அந்தக் கடிதத்தை அரிசி டின்னுக்கு மேல் ஆணியில் குத்தி வைத்திருந்தார்.

சுட்ட கூடு சூட்டில் கொஞ்சம் உப்பிப் போயிருக்கும். அதைப் பழைய அளவுக்குச் சிறுக்க வைத்தால்தான் மறுபடி துப்பாக்கிக்குள் போகும். அதற்கென்று உள்ளே குடைந்த எஃகு அச்சு ஒன்று உண்டு. டை என்பார்கள். சமையலறைப் பின்பக்கத்து மேசையில் இரும்புப் பிரெஸ் ஒன்றை முடுக்கி, அதன் தலையில் டையைத் திருகியிருந்தார். கைப்பிடியை அழுத்தினால் கூடு டைக்குள் ஏறி இறுகும். தூக்கினால் இறங்கி வரும். எண்ணெய் தடவாமல் ஏற்றினால் உள்ளேயே பிடித்துக்கொள்ளும். அதிகமாகத் தடவினால் அந்த எண்ணெய் போக வழியில்லாமல் கூட்டின் தோள்பட்டையில் குழி விழ வைக்கும். எவ்வளவு என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வி என் தலையில் விழுந்தது.

பிரெஸ்ஸோடு வந்த சின்ன டப்பா மசகு இரண்டு மாதத்தில் தீர்ந்துவிட்டது. இன்னொன்றுக்கு எழுதிப் போட்டார்கள். வரவில்லை. தேங்காயெண்ணெய் போட்டுப் பார்த்தோம். நம் ஊர் வெக்கைக்கு அது தண்ணீராக ஓடியது. விளக்கெண்ணெய் தனியாகப் போட்டால் ஒரே பிசுபிசுப்பு. கடைசியில் மஞ்சள் சவுக்காரத்தைச் சீவி விளக்கெண்ணெயில் போட்டு, அடுப்பில் இளஞ்சூடு காட்டிக் கரைத்து, ஒரு ஃபிளானல் துணியில் தடவி ஓர் இரவு ஊற விட்டேன். மறுநாள் அந்தத் துணியில் கூட்டை வைத்து உள்ளங்கையால் உருட்டினால் சரியாக ஒட்டியது. கழுத்துக்கு உள்ளே குச்சியில் பஞ்சு சுற்றி ஒரு தொடல். கைக்குத் தெரிய வேண்டும், கண்ணுக்குத் தெரியக் கூடாது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் அவர் சொன்னதைக் கேட்டால் யாருக்கும் பைத்தியம் பிடிக்கும்.

"என்னா இது, இப்படி வழியுது? கொறைச்சுப் போடு."

மறுநாள், "கைப்பிடி டைட்டா இருக்கு. இன்னும் கொஞ்சம் போட்டா என்னாவாம்?"

"நேத்து நீங்கதானே கொறைக்கச் சொன்னீங்க?"

"நேத்து சொன்னது நேத்து கூட்டுக்கு."

அவர் புத்தகத்தைப் பார்த்துப் பேசுவார். பிரெஸ்ஸோடு வந்த ஆங்கிலப் புத்தகம். அதில் என்ன எழுதியிருந்ததோ, விளக்கெண்ணெயைப் பற்றி நிச்சயம் எழுதியிருக்காது.

மூவாரிலிருந்து வரும் அணியோடு போட்டி என்று நாள் குறித்தார்கள். அதற்கு முந்திய வாரம் சனிக்கிழமை, நடுப்பகல். பெரிய எனாமல் தட்டில் கூடுகளைப் பரப்பி வைத்து உருட்டிக்கொண்டிருந்தேன். பாதித் தட்டு முடிந்திருக்கும். பக்கத்து வீட்டில் ஒரு செட்டி அம்மா இருந்தார். தலைமுறை தலைமுறையாக மலாக்காவில் இருக்கும் குடும்பம். சாமி கும்பிடுவதெல்லாம் நம்மைப் போலத்தான், பேச்சு மட்டும் மலாய். அவர் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "ஹுஜான்! ஹுஜான்! காயின்!" என்று கத்தினார். மழை, கொடியில் துணி கிடக்கிறது என்று அர்த்தம். தடவாத பாதியின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு ஓடினேன். இரண்டு வீட்டுத் துணியும் நனையாமல் எடுத்துக் கொடுத்து, அந்த அம்மாவின் கூரையடியில் மழை விடட்டும் என்று நின்றேன்.

அதற்குள் இவர் அரை நாள் வேலை முடித்து வந்திருக்கிறார். நனைந்த தலையைத் துடைக்கத் துண்டு தேடி, தட்டின் மேல் கிடந்ததை எடுத்துத் துடைத்துக்கொண்டு, நேராகப் பிரெஸ் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

நான் பின்வாசலில் கால் வைத்தபோது கைப்பிடி கீழே இருந்தது. அவர் அதைத் தூக்கிக்கொண்டிருந்தார். வரவில்லை. எழுந்து நின்று இரண்டு கையாலும் தூக்கினார். மேசையே எழும்பியது. அப்புறம் ஒரு சத்தம். தகர மூடியைப் பிய்த்த மாதிரி. கைப்பிடி சட்டென்று மேலே போக, அவர் அடுப்படிச் சுவரில் போய் மோதினார். பிரெஸ்ஸின் பிடியில் கூட்டின் அடிவிளிம்பிலிருந்து கிழிந்த துணுக்கு ஒன்று மட்டும் இருந்தது. கூடு டைக்குள்ளேயே தங்கிவிட்டது.

"ஒரு வேலைய ஒழுங்கா செய்ய மாட்டியா?"

"அந்தப் பக்கம் இன்னும் தடவலைங்க. துண்டு போட்டு மூடி வச்சிருந்தேனே."

"துண்டு போட்டா எனக்கு என்னா தெரியும்? தட்டுல இருந்தா தடவினதுன்னுதானே அர்த்தம்?"

"ஒரு விரலால தொட்டுப் பாத்திருக்கலாம்ல?"

"எல்லாத்தையும் நானே பாக்கணும்னா நீ எதுக்கு?"

மழைக்கு ஓடியது என் தப்பா? ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு ஓடியிருக்க வேண்டுமா? அதுவும் தோன்றியது. தோன்றியதனால் கோபம் இன்னும் கூடியது.

அன்று சாயங்காலம் வரை அவர் அந்த டையோடு மல்லுக்கட்டினார். திருப்புளியால் நெம்பினார். கொதிக்கிற தண்ணீரில் போட்டார். ஐஸ் வாங்கி வந்து அதில் புதைத்தார். ஒரு கம்பியை வைத்துச் சுத்தியலால் தட்டினார், கம்பி வளைந்தது. கைத்துளைப்பான் ஒன்றை யாரிடமோ இரவல் வாங்கி வந்து அடியில் ஓட்டை போடப் பார்த்தார். முனை வழுக்கி அவர் கட்டைவிரலைக் கிழித்தது. நான் மஞ்சள் வைத்துக் கட்டினேன். கிளப்பில் இருந்தது அந்த ஒரு டைதான். போட்டிக்கு எட்டு நாள்.

திங்கட்கிழமை ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்து, தெங்கேராவில் இருந்த லேத்துப் பட்டறைக்குக் கிளம்பினார்.

"நானும் வரேன்," என்றேன்.

"நீ எதுக்கு?"

"உள்ள என்னா இருக்குன்னு நானும் பாக்கணும்."

சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போனேன். மடியில் பழந்துணியில் சுற்றிய டை, அதோடு ஆணியிலிருந்து எடுத்த போலீஸ் கடிதம். பட்டறைக்காரர் வயதான சீனர். கடிதத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. டையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, இவர் போட்ட கோணல் ஓட்டையைக் கண்டு உச்சுக்கொட்டினார். எந்திரத்தில் பிடித்து, கூட்டின் அடியில் நேராக ஒரு துளை போட்டார். துளைக்குள் மரை வெட்டி, ஒரு போல்ட்டை இறக்கி, வளையம் வைத்து நட்டைத் திருகினார். ஒவ்வொரு திருகுக்கும் கூடு மயிரிழை மயிரிழையாக வெளியே வந்தது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. சனிக்கிழமை முழுக்க எங்கள் வீட்டில் நடந்த கூத்தை நினைத்து எனக்கு அழுகையே வந்தது.

வெளியே வந்த கூட்டைப் பட்டறைக்காரர் கட்டைவிரலால் மேலிருந்து கீழே தடவினார். பித்தளை சுரண்டுபட்டுக் கோடு கோடாக இருந்தது. விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

"கெரிங்," என்றார். காய்ந்து கிடக்கிறது என்று. "மிஞ்ஞாக் தாடா." எண்ணெயே இல்லை.

என் கணவர் கூட்டை வாங்கித் துணியில் சுற்றினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. பட்டறைக்காரர் டையின் உள்ளே ஒட்டியிருந்த பித்தளையை மெருகுத்தாளால் தேய்த்து எடுத்துக் கொடுத்தார்.

திரும்பி வரும் வழியில் பாதி தூரத்தில், "லேத்துக்காரனுக்கு இதப் பத்தி என்னா தெரியும்?" என்றார் இவர்.

"சைக்கிள நிறுத்துங்க."

"ஏன்?"

"நிறுத்துங்கன்னா நிறுத்துங்க."

இறங்கி நடந்தேன். நல்ல வெயில். அவர் கொஞ்ச தூரம் போய் நின்று, நான் வந்ததும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் நடந்தார். வேலைக்குத் திரும்ப நேரமாகிவிட்டது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வீடு வரைக்கும் அப்படியே நடந்தோம். வாசலில் நின்று சொன்னேன்: "இனிமே எண்ணெ தடவுற கைதான் அந்தக் கைப்பிடியையும் இழுக்கும். இல்லன்னா ரெண்டையும் நீங்களே செஞ்சுக்குங்க."

"ஒனக்கு அந்த பெலம் இருக்கா?"

"பாத்துக்கலாம்."

பலம் இருந்தது. முதல் நாள் தோள்பட்டை வலித்ததில் இரவு புரண்டு படுக்க முடியவில்லை. மூன்றாம் நாள் பழகிவிட்டது. தடவின கை கைப்பிடியில் இருந்தால் கூடு உள்ளே போகும்போதே தெரிந்துவிடும். கொஞ்சம் முரண்டு பிடித்தால் அங்கேயே நிறுத்தி இறக்கி, இன்னொரு உருட்டு உருட்டுவேன். அந்த வாரம் ஒரு கூடுகூடச் சிக்கவில்லை. அவர் மாலையில் வந்து தட்டை எண்ணிப் பார்த்து, ஒரு கூட்டை எடுத்து அளவு பார்த்து, குறை சொல்ல எதுவும் கிடைக்காமல் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பார். 'நல்லா இருக்கு' என்ற இரண்டு வார்த்தைக்கு நான் ஆறு நாள் காத்திருந்தேன். வரவில்லை.

போட்டியில் எங்கள் அணி ஜெயித்தது. இவர் இரண்டாவதாக வந்தார். முடிந்ததும் கிளப்பில் தேநீர், கேக். குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். கிளப் செயலாளர் யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அவர் இவரைக் கூப்பிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி, "தம்பி, கூடுகள் நல்ல நேர்த்தியாய் வந்திருக்கு. என்ன எண்ணெய் போட்டனீர்?" என்றார்.

"வெளக்கெண்ணெ சார். சும்மா லேசா தொட்டு..."

"வெளக்கெண்ணெ மட்டும் போட்டா பிசுபிசுன்னு ஒட்டும்," என்றேன், பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து. சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை, வாய் முந்திக்கொண்டது. "சவுக்காரம் சீவிப் போடணும். ஒரு ராத்திரி ஊறணும்."

ஒரு பெண்மணி கேக்கை வாயில் வைத்தபடி என்னையே பார்த்தார். என் கணவர் காது சிவந்துபோயிற்று. தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டே, "அவளத்தான் சார் கேக்கணும். அவதான் எல்லாம்," என்றார்.

அன்றைக்கு எனக்கு மனசு கொஞ்சம் இறங்கிற்று. சைக்கிளில் வரும்போது அவர் தோளில் கை வைத்துக்கொண்டுகூட வந்தேன்.

அடுத்த வியாழக்கிழமை அவர் மூன்று சாக்குப் பைகளோடு வந்து நின்றார். எல்லாம் கூடுகள். அவருடையது ஒரு பை. மற்ற இரண்டும் கிளப்பில் உள்ளவர்களுடையது. "ஒன் கைதான் வேணும்னு எல்லாரும் சொல்றாங்க," என்றார். முகமெல்லாம் சிரிப்பு. எனக்குக் கிடைத்த மரியாதையைத் தானே சுமந்து வந்து கொடுப்பது போல அதைக் கீழே வைத்தார். எடுத்து வரலாமா என்று என்னைக் கேட்டாரா, செய்வாயா என்று கேட்டாரா? ஒன்றும் இல்லை. சரி என்று அங்கேயே சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

அவருக்குச் சோறு போட்டேன். மறுநாள் காலை அவர் குளித்துக்கொண்டிருந்தபோது, மற்றவர்களின் இரண்டு பைகளையும் தூக்கிப்போய் சைக்கிள் கேரியரில் வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். வெளியே வந்தவர் கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னா சொல்றது அவங்ககிட்ட?"

"எப்படித் தடவணும்னு சொல்லுங்க. சவுக்காரம் எவ்வளவுன்னு நான் எழுதித் தரேன்."

எழுதித் தந்தேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.