மூன்று விரதமும் ஒரு மொட்டை மாடியும்

எங்கள் தவக்காலமும் ரமலான் நோன்பும் அம்மன் கோயில் பங்குனித் திருவிழாவும் ஒன்றாகச் சேர்ந்து வந்த வருடம் அது. வல்லத்திராக்கோட்டையில் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தோம். நான் கொத்தனார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்தில் பிழை இருந்தால் பிள்ளைகள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆறாவது படிக்கும் என் மகள் போன வாரம் முகம் வாடி வீட்டுக்கு வந்தாள். யார் சாமி பெரிய சாமி என்று வகுப்பில் சண்டையாம். அவளுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

அந்த வேலையில் நாங்கள் மூன்று பேர் தினமும் சேர்ந்திருப்போம். நான் கத்தோலிக்கன். பிளம்பர் வேலை பார்த்தவர் ஒரு முஸ்லிம். எல்லாரும் அவரை பாய் என்று கூப்பிடுவோம். அப்புறம் கலவை எடுத்துக் கொடுக்கும் சித்தாள் அக்கா. அவர் ஊர் அம்மனுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது, அதனால் அவரும் சுத்த விரதம். வீட்டுக்காரர் துபாயில் வேலை பார்த்தார். அவருடைய மனைவிதான் எங்களை வேலை வாங்குவார். தினமும் வீடியோ காலில் செங்கல் செங்கலாகக் கணவருக்குக் காட்டுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்த அம்மா ஆசையாக எங்களுக்குக் கோழிக் குழம்பு வைத்துக் கொண்டுவந்தார். தூக்குச்சட்டியைத் திறந்ததுமே வாசம் மாடி வரைக்கும் வந்தது.

"பாய், மொதல்ல நீங்க வாங்க."

"நோன்புங்கம்மா. எச்சி முழுங்கவே யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

"கொத்தனாரே, நீங்க?"

"தவக்காலம்மா. நாப்பது நாளைக்குக் கறி தொடமாட்டேன்."

அவர் சித்தாள் அக்காவைப் பார்த்தார். அக்கா மஞ்சள் கயிறு கட்டிய கையைத் தூக்கிக் காட்டினார்.

"அட போங்கப்பா! மூணு பேரும் சேந்து எங்கோழியக் கொன்னுட்டீங்களே!" என்று அந்த அம்மா தலையில் கை வைக்க, நாங்கள் சிரித்த சிரிப்பில் மூங்கில் சாரமே ஆடியது. அன்றைக்கு அந்தக் குழம்பு, மணல் இறக்க வந்த லாரி டிரைவருக்குப் போனது. மனிதர் சப்புக்கொட்டிச் சாப்பிட்டதை நாங்கள் மூவரும் வேடிக்கை பார்த்தோம்.

அதிலிருந்துதான் பேச்சு ஆரம்பித்தது. மத்தியானம் வேப்ப மரத்து நிழலில் உட்காருவோம். பாய் சாப்பிடமாட்டார், ஆனால் பேச்சுக்கு மட்டும் வந்துவிடுவார். அக்கா கேட்பார், "ஏண்ணே, ஒங்க மாதாவுக்கும் சேலதான் கட்டுறீங்க, எங்காத்தாளுக்கும் சேலதான் கட்டுறோம். ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியா?" எனக்குச் சிரிப்பு வரும். "மாதாவ நாங்க சாமின்னு கும்புடுறதில்லக்கா. சாமியப் பெத்த தாயி, எங்களுக்காகப் பரிஞ்சு பேசுவாங்க" என்பேன். "அப்ப எங்கூரு தலைவரு மனைவி மாதிரி. அவுங்ககிட்ட சொன்னாத்தான் காரியம் நடக்கும்" என்பார் அக்கா. ஏறக்குறைய சரிதான் என்று விட்டுவிடுவேன்.

புதன்கிழமை பாய் கேட்ட கேள்விதான் என்னை மடக்கியது. "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. நீங்க செஞ்ச பாவத்தப் போயி ஃபாதர்கிட்ட சொல்றீங்களாமே. அவரும் ஒரு மனுசந்தானே? நாங்க நேரா அல்லாகிட்டயே சொல்லிக்குவோம். நடுவுல ஒரு ஆளு எதுக்கு?"

சின்ன வயதில் மறைக்கல்வி வகுப்பில் பாவசங்கீர்த்தனம் பற்றி மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். பாதியிலேயே மறந்துபோனது. "அது... அப்படித்தான் பாய், எங்க முறை" என்று முடித்தேன். பாய் மேலே எதுவும் கேட்கவில்லை. அவர் நல்ல மனதோடுதான் கேட்டார். ஆனால் எனக்குத் தோற்றுப்போன மாதிரி ஒரு எரிச்சல். ராத்திரி படுக்கும்போதும் காலையில் பல் விளக்கும்போதும், அவரை எப்படி மடக்குவது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

இங்கே என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மொட்டை மாடியில் மழைத்தண்ணீர் தேங்கக் கூடாது. அதற்காகத் தளத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஒரு பக்கம் சாய்த்துப் போடுவோம். அதற்கு வாட்டம் என்று பெயர். தண்ணீர் சேருகிற மூலையில், சுவரில் ஓட்டை விட்டு பைப் வைத்திருப்பார்கள். வேலை நடக்கும்போது சிமெண்டுப் பால் உள்ளே போகாதபடி அந்த ஓட்டைகளில் சாக்கைச் சுருட்டி அடைத்துவிடுவோம்.

வியாழக்கிழமை காலையில் பாய் என்னிடம் வந்து ஏதோ சொன்னார். கையை அங்கிட்டும் இங்கிட்டும் காட்டினார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். மனதுக்குள்ளே மட்டும், 'பாய், நீங்க வக்கீல் வச்சு கேஸ் நடத்துறதில்லையா, அது மாதிரி...' என்று என் பதிலை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முடித்ததும் "சரி பாய், சரி பாய்" என்று தலையாட்டினேன். அன்றைக்கே மாடித் தளம் முழுவதையும் போட்டு முடித்தேன். வழக்கம்போல் கிழக்கு மூலைக்கு வாட்டம் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பாய் ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டார். தளம் காயாமல் இருக்க அக்கா மேலே தண்ணீர் ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் வீட்டுக்கார அம்மாவின் சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால், கிழக்கு மூலையில் தண்ணீர் குளம் மாதிரி நிற்கிறது. அக்கா ஓட்டையில் இருந்த சாக்கை உருவினார். உள்ளே சிமெண்டு வைத்துப் பூசி மூடியிருந்தது.

"யாரு இத மூடுனது?"

"பைப்பு வேலை பாய்தானே பாக்குறாரு..." என்று அக்கா இழுத்தார்.

அந்த நிமிஷம் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. பாயின் கை, அவர் காட்டிய திசை, சொன்ன வார்த்தை, எல்லாம். "அண்ணே, இந்த ஓட்டைல தண்ணி விட்டா பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகைக் கூரை மேல ஊத்தும். அத மூடிட்டேன். முன்பக்கம் புது ஓட்டை விட்டிருக்கேன், வாட்டத்த இங்கிட்டுக் குடுங்க. வீட்டுக்காரம்மாகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிருங்க." இதைத்தான் சொல்லியிருக்கிறார். நான்தான் காதில் வாங்கவில்லை.

வீடியோ காலில் வீட்டுக்காரர் வந்தார். "என்னடி இது, மாடில நீச்சல் குளமா? அந்தப் பாய நாளைலேருந்து வர வேணாம்னு சொல்லிரு. வேற பிளம்பர் பாத்துக்கலாம்."

பெருநாளுக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. நோன்பு வைத்துக்கொண்டு வெயிலில் மாடி ஏறி இறங்கிய மனிதர் அவர். 'தப்பு என்னோடது' என்று சொல்ல வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. பதினைந்து வருட அனுபவம் உள்ள கொத்தனார் வாட்டத்தைத் திருப்பிப் போட்டான் என்றால் ஊரில் சிரிப்பார்களே என்று நினைத்தேன். அந்த அம்மா பாய்க்குப் போன் போட்டு, காரணம்கூடச் சொல்லாமல் 'வர வேணாம்' என்று மட்டும் சொல்லி வைத்தபோதும் நான் பூச்சுக் கரண்டியைக் கழுவிக்கொண்டே நின்றேன். கழுவ வேண்டியது எதுவும் அதில் இல்லை.

சாயங்காலம் எங்கள் கோயிலில் சிலுவைப் பாதை வழிபாடு. வெள்ளிக்கிழமைகளில் நான் தவறாமல் போவேன். முழங்காலில் இருந்துகொண்டு மனதுக்குள் ஆண்டவரிடம் சொன்னேன். 'சாமி, தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சிருங்க.' சொல்லி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. முகம் சுடவில்லை. இவ்வளவு சுலபமாக இருக்கிறதே என்று எனக்கே சந்தேகம் வந்தது. பாய்க்கு வேலை போனது போனபடியேதான் இருந்தது. பக்கத்தில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை நின்றது. அதில் போய் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது, மனம் கேட்காமல் வரிசையை விட்டு வெளியே வந்து மொபெட்டை எடுத்தேன்.

பாய் வீடு அரிமளத்தில். போய்ச் சேரவும் பள்ளிவாசலில் பாங்கு சொல்லவும் சரியாக இருந்தது. குடும்பமே கோரைப்பாயில் உட்கார்ந்து பேரீச்சம்பழத்தைக் கையில் எடுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் பாய் எழுந்துவிட்டார்.

"அண்ணே! வாங்க, வாங்க. சரியான நேரத்துக்கு வந்திருக்கீங்க. உக்காருங்க."

வேலை போன மனிதரின் முகத்தில் எப்படி அந்தச் சிரிப்பு வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அவர் மனைவி ஒரு கிண்ணம் நோன்புக் கஞ்சியை என் முன்னால் வைத்தார். நானும் காலையிலிருந்து தண்ணீர் மட்டும்தான் குடித்திருந்தேன். கையை நீட்டினேன். சட்டென்று பாய் என் கையைப் பிடித்துவிட்டார்.

"இருங்கண்ணே, இருங்க! கொத்துக்கறி போட்ட கஞ்சி. ஒங்களுக்குத் தவக்காலம்ல, ஆகாது." மனைவி பக்கம் திரும்பினார். "ஏம்மா, அண்ணனுக்குப் பழமும் வடையும் கொண்டா."

பிள்ளைகளே, அந்தப் பசியிலும் பதற்றத்திலும் நான் என் விரதத்தை மறந்தே போய்விட்டேன். யாருக்கு நான் துரோகம் செய்தேனோ, அவர் அதை ஞாபகம் வைத்திருந்து காப்பாற்றினார். இதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. வடை வருவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் சொன்னதைக் கேட்காமல் தலையாட்டியது, பதில் தேடிக்கொண்டிருந்தது, அவர் மேல் பழி விழும்போது வாயை மூடிக்கொண்டு நின்றது, எல்லாம். இப்போது முகம் சுட்டது.

பாய் தன் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். கோபம் வந்தது தெரிந்தது. வராமல் இருக்குமா?

"ஏண்ணே, அந்த எடத்துலயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கணும் பாய். பயந்துட்டேன்."

அவர் பெருமூச்சு விட்டார். அப்புறம் மெதுவாக அவர் உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது. "ஆமா, நீங்க ஃபாதர்கிட்டதானே போவீங்க? என்ன எங்கிட்ட வந்துட்டீங்க?"

"வரிசைல நின்னேன் பாய். ஒங்ககிட்ட சொல்லாம அங்க சொல்ல வாய் வரல. அங்கயும் சொல்லுவேன். நேரா சொன்னா போதாதான்னு கேட்டீங்கள்ல? இன்னிக்கு மனசுக்குள்ளயே சொல்லிப் பாத்தேன். எனக்கு வலிக்கவே இல்ல. ஒரு மனுசன் முகத்தப் பாத்துச் சொல்றப்பத்தான் வலிக்குது. எங்காளுகளுக்கு அது தேவைதான் போல. மத்தது எனக்குத் தெரியல பாய், நான் படிக்காதவன்."

பாய் தலையை ஆட்டினார். "எங்கள்லயும் ஒண்ணு சொல்லுவாங்கண்ணே. அல்லாவுக்குச் செஞ்ச தப்ப அல்லா மன்னிப்பான். மனுசனுக்குச் செஞ்ச தப்ப, அந்த மனுசன் மன்னிக்கணும்." ஒரு வடையை எடுத்து என் கையில் வைத்தார். "நான் மன்னிச்சுட்டேன். தின்னுங்க. ஆனா நாங்க நேராத்தாங் கேப்போம், பாத்துக்கங்க!" இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

மறுநாள் காலையில் வீட்டுக்கார அம்மாவைப் போன் போடச் சொன்னேன். துபாய்க்காரர் முகத்தைப் பார்த்து, அக்காவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தப்பு என்னுடையது, தளத்தை உடைத்து என் செலவில் திரும்பப் போட்டுத் தருகிறேன் என்று சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு, "பாய் நம்பரக் குடுங்க. நானே கூப்புட்டு ஸாரி சொல்லிக்கிறேன்" என்றார். அந்த அம்மாவும் போய்ப் பக்கத்து வீட்டுக் கூரையை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "பாய் செஞ்சதுதான் சரி. மூடலேன்னா எங்களுக்குள்ள ஆயுசுக்கும் சண்டதான்" என்றார்.

தளத்தை உடைத்தேன். சும்மா சொல்லக் கூடாது, என் கைவேலை ரொம்ப உறுதி. ஒவ்வொரு அடிக்கும் தோள்பட்டை கழன்றது. "முந்தாநேத்து காதத் தொறந்திருந்தா இன்னிக்கு இவ்வளவு ஒடைக்க வேணாம்ல?" என்று அக்கா கேலி செய்துகொண்டே கல்லை அள்ளிக் கொட்டினார். பாயும் வந்து சம்மட்டியில் ஒரு கை பிடித்தார். நோன்போடு வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

புதுத் தளம் போட்டு இறுகியதும் சோதனை. மூன்று பேரும் மூன்று குடம் தண்ணீரைக் கிழக்கு மூலையில் ஊற்றினோம். வீட்டுக்கார அம்மா போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். தண்ணீர் கொஞ்சம் நின்று யோசித்தது. பிறகு மெதுவாக நகர்ந்து, ஓடி, முன்பக்க ஓட்டைக்குள் களகளவென்று இறங்கியது. அக்கா குலவை போட்டார் பாருங்கள், தெருவே எட்டிப் பார்த்தது! பாய் "மாஷா அல்லாஹ்" என்றார். நான் சிலுவை போட்டுக்கொண்டேன். துபாயிலிருந்து கைதட்டும் சத்தம் கேட்டது.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். அங்கே என்ன சொன்னேன் என்பது எனக்கும் ஆண்டவருக்கும் ஃபாதருக்கும் மட்டும்தான். பெருநாளுக்குப் பாய் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. எனக்கென்று தனியாக ஒரு டப்பா. மூடியைத் திறந்தால் உள்ளே கறி போடாத காய்கறி பிரியாணி.

இப்போதும் மழை பெய்தால் பாய் போன் போடுவார். "அண்ணே, தண்ணி எங்கிட்டுப் போகுது?" என்பார். "சரியான பக்கம்தான் பாய்" என்பேன். என் நம்பிக்கையைப் பற்றி யாராவது கேள்வி கேட்டால் இப்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருவதில்லை. பதிலை மனதுக்குள் தேடுவதற்கு முன்னால் கேட்பவரின் முகத்தைப் பார்த்து, அவர் சொல்வதைக் கடைசி வார்த்தை வரைக்கும் கேட்டுக்கொள்கிறேன். அப்படிக் கேட்டுப் பழகிய பிறகுதான், நாற்பது வயதில், என் வேதத்தையே நான் சரியாகப் படிக்க ஆரம்பித்திருக்கிறேன்.